வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சலமீனோ

லேர்கோ மலவாசியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய ஒயினைப் பற்றித்தான் சொல்வார்கள். இதை அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார். ஒருவரைப் பற்றிக் கேட்டால் அவர் செய்யும் சரக்கைப் பற்றிச் சொல்வது, அவரைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வேறொன்றும் அகப்படாத போதும் நடக்கிற காரியம்தான்.

ஊர் சொர்பாரா. மோதெனா நகரத்துக்கு வடக்கே, இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கிற மணற்பாங்கான சமவெளி. லம்ப்ரூஸ்கோ எங்கள் வீடுகளில் தண்ணீருக்கு அடுத்தபடி. சில வீடுகளில் அதற்கு முன்படி. சிவப்பு ஒயின்தான், ஆனால் நுரைக்கும், குளிர வைத்துக் குடிப்போம். இதைக் கேட்டாலே தொஸ்கானாக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எங்களுக்குள்ளேயே சுளித்துக்கொள்ளப் போதுமான விஷயம் இருக்கிறது. துளி இனிப்பும் இல்லாமல் நாக்கின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகிற ‘செக்கோ’ ஒரு கட்சி. பழத்தின் இனிப்பைப் பாதி வழியில் நிறுத்தி வைத்த ‘அமாபிலே’ இன்னொரு கட்சி. முழுக்க இனிக்கிற ‘தோல்சே’யும் உண்டு, அதைக் குடிப்பவர்கள் கட்சி கட்டுவதில்லை, சந்தோஷமாக இருந்துவிடுகிறார்கள். கம்யூனிஸ்ட் வீட்டுப் பெண்ணைப் பாதிரியார் கட்சிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தது இங்கே பலமுறை நடந்திருக்கிறது. செக்கோ வீடும் அமாபிலே வீடும் சம்பந்தம் செய்துகொண்டால் மட்டும் கல்யாண விருந்தில் இரண்டு மேசை போட வேண்டும்.

லேர்கோ செக்கோ. அவருடைய அக்கா நீவெஸ் அமாபிலே. ஒரே அடுப்பில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதிலும் லேர்கோ நடக்கத் தொடங்குமுன்பே தாய் இறந்துவிட்டதால், அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடிகளுக்கு நடுவே நடந்தவள் நீவெஸ்தான். அந்த நாக்கு எங்கே திசை மாறியது என்று யாருக்கும் தெரியாது. அப்பா ஒத்தோரீனோ எது கிடைத்தாலும் குடிப்பவர்.

அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டம் ஊர் வழக்கப்படி கலப்புத் தோட்டம். ஊரின் பெயரிலேயே சொர்பாரா என்று ஒரு திராட்சைக் கொடியும் உண்டு. வெளிறிய சிவப்பு, பூ மணம், கூர்மையான புளிப்பு; எங்கள் செக்கோ அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கொடிக்கு ஒரு குறை. பூக்கும், ஆனால் அதன் மகரந்தத்துக்கு உயிர் கிடையாது. தாய் உண்டு, தகப்பன் இல்லை. பக்கத்தில் சலமீனோ என்ற வேறொரு கொடி பூத்து, காற்று அந்தத் தூளைக் கொண்டுவந்து போட்டால்தான் காய் பிடிக்கும். சலமீனோ கறுப்புப் பழம், நெருக்கமான கொத்து, இனிப்பான ஒயினுக்குத் தோதான சாறு. ஆகவே இங்கே யாரும் சொர்பாராவைத் தனியாக நட மாட்டார்கள். சில வரிசைக்கு ஒரு வரிசை சலமீனோ இருக்கும். இதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். லேர்கோவும் அறிவார். ஒரு விஷயத்தை அறிந்துகொண்டே அதை நம்பாமலிருப்பது தனித் திறமை. அது அவருக்கு நிறைய இருந்தது.

அப்பா போனதும் நிலத்தைப் பிரித்தார்கள். நடுவே ஓடுகிற வாய்க்கால்தான் எல்லை. கிழக்கு லேர்கோவுக்கு, மேற்கு நீவெஸுக்கும் அவள் புருஷன் இதேயோவுக்கும். பிரித்த கையோடு லேர்கோ தன் பாதியிலிருந்த சலமீனோவை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்திலும் சொர்பாராவை வைத்தார். ஒரே சாதி, சுத்தமான தோட்டம். நீவெஸ் தன் பாதியில் சலமீனோவைப் பெருக்கினாள்.

சுத்தத் தோட்டம் காய்த்துக் குலுங்கியது. அக்காவின் கொடிகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பூத்துக்கொண்டிருந்தன. மே மாதக் கடைசியில் காற்று அங்கிருந்துதான் வீசும்.

“என் தோட்டத்துல ஒரே ஒரு சலமீனோக் கொடியக் காட்டு, இந்தக் காதை அறுத்து உன் கல்லாப்பெட்டியில போடறேன்” என்பார் லேர்கோ, வில்மெரின் பாரில் சீட்டாடிக்கொண்டே.

வில்மெர் கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி சொல்வார்: “உன் தோட்டத்துல இல்லப்பா. உன் அக்கா தோட்டத்துல இருக்கே.”

“அதுக்கும் எனக்கும் என்ன?”

“காத்துக்கு வாய்க்கால் தெரியுமா?”

“என் கொடி தானா காய்க்குது. போய் உன் காபிய ஊத்து.”

அக்கா தம்பி இருவரில் யாருடைய வேலை கடினம் என்று ஒரு வாக்குவாதம் உண்டு. செக்கோவுக்குத்தான் பொறுமை வேண்டும் என்று செக்கோக்காரர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரை, செக்கோ செய்யச் சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். இலையுதிர் காலத்தில் நொதிக்கத் தொடங்கும், குளிரில் தூங்கும், வசந்தத்தில் பாட்டிலில் அடைத்துவிட்டால் மீண்டும் விழித்து, இருக்கிற இனிப்பையெல்லாம் தானே தின்று தீர்த்துவிட்டு நுரையாக நிற்கும். இனிப்பை மிச்சம் வைப்பதுதான் பாடு. அந்தக் காலத்தில் நீவெஸ், பனி உறையும் கொட்டகையில் நீளமான துணிப்பைகளைத் தொங்கவிட்டு, ஒயினை ஊற்றி, வடிகட்டி, மறுபடி ஊற்றி, நொதிக்கிற வேகத்தைத் தணித்துத் தணித்துக் காப்பாற்றுவாள். கை விறைத்துப் போகும். விட்டால் தீர்ந்துபோகிற இனிப்பைத் தக்கவைக்கிற வேலை அது. அவளுடைய தம்பி அதற்கு இருமல் மருந்து என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்ததோடு விட்டிருக்கலாம்.

பிப்ரவரியில் எங்கள் ஊர்த் தேவாலயத்துப் புனிதை அகத்தாவின் திருநாள். அன்று மலவாசிக் குடும்பம் லேர்கோவின் வீட்டில் கூடும். இறைச்சி அடைத்த சின்ன மாவுப் பொட்டலங்களான தோர்தெல்லீனியைக் கொதிக்கிற கோழிச் சூப்பில் போட்டுக் கொடுப்பார்கள். கிண்ணத்தில் சூப்பு பாதியானதும் அதில் லம்ப்ரூஸ்கோவை ஊற்றி, கலங்கிய ரோஜா நிறமாக, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்போம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். எங்களுக்கு அதுதான் திருநாள். அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மேசையில் மூத்தவர் எழுந்து, வீட்டுக்காரர் கிண்ணத்தில் முதல் ஊற்று ஊற்ற வேண்டும். அப்பாவுக்குப் பிறகு மூத்தவள் நீவெஸ்.

அந்த வருஷம் லேர்கோவின் மனைவி தீர்ச்சேயின் உறவினர்கள் மோதெனாவிலிருந்து வந்திருந்தார்கள். நகரத்துக்காரர்கள். லேர்கோ காலையிலிருந்தே அவர்களுக்குத் தன் ஒயினைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நீவெஸ் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து, சிரித்துக்கொண்டே அவர் கிண்ணத்தில் ஊற்றினாள்.

“இந்த வருஷம் நல்லா வந்திருக்குடா. ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் திட்டு.”

லேர்கோ கிண்ணத்தை முகர்ந்தார். விருந்தினர்களைப் பார்த்தார். எழுந்து போய் அதை அடுப்பருகே படுத்திருந்த நாயின் முன்னால் வைத்தார்.

“எனக்கென்ன சளியா பிடிச்சிருக்கு, சூப்புல இருமல் மருந்து ஊத்திக் குடிக்க?”

நகரத்துக்காரர்கள் சிரித்தார்கள். விருந்தினர் வேறென்ன செய்வார்கள். நாய் கிண்ணத்தை ஒரு சொட்டு விடாமல் நக்கிவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று நிமிர்ந்து பார்த்தது.

“நாய்க்காவது நாக்கு இருக்கு” என்றாள் நீவெஸ். தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இதேயோ வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அவள் பின்னால் போனார்.

அடுத்த வருஷத் திருநாளில் லேர்கோ அக்காவுக்குத் தட்டு வைக்கச் சொன்னார். அவள் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வைக்கச் சொன்னார். ஊரில் அவருக்கு எது வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது: அக்கா அந்த மேசைக்குத் திரும்பி வர வேண்டும். அதற்காக அவர் என்ன செய்தார் என்றால், தட்டு வைக்கச் சொன்னார்.

“ஒரு நடை போய்க் கூப்பிட்டுட்டு வாங்களேன். வாய்க்காலைத் தாண்டினா அவங்க வீட்டுக் கோழி காலைக் கொத்தும், அவ்வளவு கிட்ட” என்பாள் தீர்ச்சே.

“கோவிச்சுக்கிட்டுப் போனது அவ. அவதான் வரணும்.”

“அவமானப்படுத்தினது?”

“அது ஒரு தமாஷ்.”

“அப்ப நாயை அனுப்பட்டுமா? அதுக்குத்தான் அவங்க ஒயின் பிடிச்சிருந்தது.”

இதற்கிடையே அமெரிக்கர்கள் லம்ப்ரூஸ்கோவைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் கண்ணில் படாமல் எங்கேயோ கடலுக்கு அப்பால், இனிப்பான, நுரைக்கிற, சில்லென்ற சிவப்பு ஒயினை அவர்கள் பன்றிக்கறியோடும் பந்து விளையாட்டோடும் குடித்துத் தள்ளினார்கள். கூட்டுறவுச் சங்கத்து லாரி நீவெஸின் வாசலில் நின்றது. துணிப்பைகள் போய்ப் பெரிய எஃகுத் தொட்டிகள் வந்தன. இதேயோ புது டிராக்டர் வாங்கினார். லேர்கோ பாரில், “சோடா வித்துப் பணக்காரி ஆயிட்டா” என்றார். ஆனால் அக்காவைப் பற்றி வேறு யாராவது அப்படிச் சொன்னால் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். எங்களுக்கு இது புரிவதற்குக் கொஞ்ச காலம் ஆனது.

பிறகு அமெரிக்கர்களுக்கு அலுத்துவிட்டது. சலமீனோவைக் கேட்பார் இல்லை. சுற்றிலும் எல்லாரும் பேரிக்காய்க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நீவெஸும் இதேயோவும் கொடிகளை எடுத்துவிட்டுப் பேரி மரம் வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

அப்படி முடிவு செய்த வாரம் ஒரு பிற்பகல், பாரில் கூட்டம். லேர்கோவின் கையில் நல்ல சீட்டு. வில்மெர் அவர் தோளருகே குனிந்தார்.

“உன் அக்கா காலையில வந்தாங்க. உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கச் சொன்னாங்க.”

லேர்கோ நிமிரவில்லை. ஆனால் அடுத்த சீட்டைப் போடவும் இல்லை.

“என்னவாம்?”

“அடுத்த வாரம் கொடியெல்லாம் எடுக்கறாங்களாம். வாய்க்கால் ஓரமா ஒரு வரிசை சலமீனோவ விட்டு வைக்கட்டுமான்னு கேக்கறாங்க. உன் பூவுக்கு ஆகும்னு.”

யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷம் வைத்த தட்டுக்கு வந்த பதில் அது. அவள் வாய்க்கால் வரை வந்துவிட்டாள். தனியாக இருந்திருந்தால் லேர்கோவுக்கும் அது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தனியாக இல்லை. மேசையைச் சுற்றி மூன்று பேர், பின்னால் வேடிக்கை பார்க்க நான்கைந்து பேர். சலமீனோ தேவை என்று ஒப்புக்கொண்டால் இத்தனை வருஷப் பேச்சும் கரைந்துபோகும்.

“என் பூவுக்குச் சளி பிடிக்கல, இருமல் மருந்து வேணாம்னு சொல்லு.”

சிரிப்பு எழுந்தது. வில்மெர் சிரிக்கவில்லை.

“இதை நான் அப்படியே போய்ச் சொல்லணுமா, லேர்கோ?”

“அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காத.”

வில்மெர் மறுநாள் சொல்லிவிட்டு வந்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டோம். “ஒன்னும் சொல்லல. ‘சரி’ன்னாங்க. அவ்வளவுதான்” என்றார்.

கொடிகள் வேரோடு போயின, வாய்க்கால் ஓரத்து வரிசை உட்பட. அந்த இடத்தில் ஒல்லியான பேரிக் கன்றுகள் வந்தன.

அடுத்த மே மாதக் கடைசியில் லேர்கோவின் தோட்டம் எப்போதும்போல் பூத்தது. அப்புறம் பூ உதிர்ந்தது. கைவைத்தால் மஞ்சள் பொடியாகக் கொட்டியது. தப்பிப் பிடித்தவையும் வளரவில்லை. கோடை முழுவதும் அவர் வரிசை வரிசையாக நடந்து கொத்துகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். செப்டம்பரில் கொத்து என்று சொல்ல இருந்தது காம்பு மட்டுந்தான்; அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலு பழம், மற்றபடி விதையில்லாத பச்சைக் குருணை.

“இந்த வருஷம் மிளகு போட்டிருக்கியா, லேர்கோ?” என்று பாரில் யாரோ கேட்டார்கள்.

அவர் காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். பேச்சில் தோற்கிற ஆளில்லை அவர், அதனால் கேட்டவனுக்கே சங்கடமாகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் அவர் அதிகம் வெளியே வரவில்லை. போன விளைச்சலைப் பற்றி வருத்தம் என்று நினைத்தோம். தீர்ச்சே வேறு மாதிரி சொன்னாள்: “திராட்சையைப் பத்திப் பேசறதே இல்ல. ‘அவ கேட்டு அனுப்பினா, தீர்ச்சே. அவளாக் கேட்டு அனுப்பினா’ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கார்.”

ஜனவரியில், திருநாளுக்குச் சில வாரம் முன்பு, அவர் கல்யாணக் கோட்டை இஸ்திரி போடச் சொன்னார். அக்காவைக் கூப்பிடப் போகிறார். நேரில், வாயால். தீர்ச்சே கோட்டை இஸ்திரி போட்டுவிட்டு, நடுவில் மனம் மாறிவிடுமோ என்று வாசல்வரை கூடவே போய் வழியனுப்பினாள்.

அடுத்து நடந்ததை இரண்டு பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் அது அபூர்வம்.

நீவெஸின் சமையலறையில் பன்றிக் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. பன்றி வெட்டிய வாரம். அவள் கரண்டியை விடாமலே நாற்காலியைக் காட்டினாள். காபி வைத்துக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் காபி எல்லாருக்கும் உண்டு. தபால்காரருக்கும் மின்சார மீட்டர் பார்ப்பவருக்கும் உண்டு. வீட்டு மனிதர் வந்தால் ஒயின் வரும். பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. லேர்கோ அதைப் பார்த்துவிட்டார்.

“மூடுபனி ஜாஸ்தி” என்றார்.

“ஆமா.”

“இதேயோ முட்டி எப்படி இருக்கு?”

“மடக்க முடியல. டிராக்டர் மட்டும் ஏறுவார்.”

“பேரி பிடிச்சுக்கிச்சா?”

“பிடிச்சுக்கிச்சு.”

கொழுப்பு வெடித்துக்கொண்டிருந்தது. அவர் காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

“எனக்குத்தான் பூ நிக்கல.”

“கேள்விப்பட்டேன்.”

இங்கேதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. வாயெடுத்ததாகச் சொல்கிறார். அகத்தா திருநாள் என்று தொடங்கினால் நாய், கிண்ணம், நகரத்துக்காரர்கள், வில்மெர் என்று வரிசையாக எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். விவசாயப் பேச்சு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

“வாசல் பந்தல்ல ஒரு சலமீனோ நிக்குதே. அதுல நடறதுக்குக் குச்சி இருந்தா...”

நீவெஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலோடு வெளியே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கட்டுக் குச்சி, வில்லோ மரத்து நாரால் இறுக்கிக் கட்டியது.

“இவ்வளவு எதுக்கு, அக்கா?”

“வாய்க்கால் ஓரம் முழுக்க வை. பாதி பட்டுப்போகும்.”

அவர் எழுந்தார். கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவளும் நின்றாள்.

“வேற ஏதாவது?” என்றாள்.

“வேற... ஒன்னுமில்ல.”

“அப்ப சரி.”

வீட்டில் தீர்ச்சே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வரேன்னாங்களா?”

“குச்சி குடுத்தா.”

“நான் குச்சியையா கேட்டேன்?”

அந்தத் திருநாளுக்கு லேர்கோ தட்டு வைக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

குச்சிகளில் பாதிக்கு மேல் துளிர்த்தன. சில வருஷத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு வரிசை சலமீனோ பூத்தது; சொர்பாரா மறுபடி காய்த்தது. லேர்கோ இப்போது அந்தக் கறுப்புப் பழத்தையும் பிழிந்து கொஞ்சம் சேர்க்கிறார். ஒயினில் நிறம் கூடியிருக்கிறது, புளிப்பின் முனை மழுங்கியிருக்கிறது. வாழ்நாளில் அவர் செய்ததிலேயே இதுதான் நல்லது என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. அவர் முன்னால் யாராவது பாராட்டினால், “கொடி என்னோடது இல்ல” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். ஒரு காலத்தில் பாராட்டில்லாமல் தூங்காத மனிதர்.

போன இலையுதிர் காலத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்துவிட்டு, பேரிக்காய் வாங்க நீவெஸிடம் போயிருந்தேன். பழத்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள்.

“குச்சிக்கு வந்தான், குடுத்தேன். வாசல்ல நின்னான் பாருங்க, அப்பக்கூடக் கேப்பான்னு நினைச்சேன். அதுக்குத்தான் ‘வேற ஏதாவது’ன்னு எடுத்துக் குடுத்தேன். ‘திருநாளுக்கு வா’ன்னு ஒரு வார்த்தை. அடுப்பை அணைச்சுட்டு அப்பவே கூடப் போயிருப்பேன்.” பையைக் கட்டி என் கையில் கொடுத்தாள். “அவனுக்குக் கொடிதான் பெரிசு. சின்னதுலேருந்தே அப்படித்தான்.”

வழியில் லேர்கோ வாய்க்கால் கரையில் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா போக மனம் வரவில்லை. நின்று, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நாரை முடிச்சுப் போடுவதை நிறுத்தினார்.

“குச்சிக்காகவா போனேன்?” என்றார். “தீர்ச்சேயைக் கேளுங்க. கோட்டு போட்டுக்கிட்டுப் போனேன். குச்சி வாங்கறவன் எவனாவது கோட்டு போடுவானா?”

“அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

அந்தப் பக்கம் பேரி மரங்களுக்கு நடுவே அவளுடைய தலைத்துணி தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

“இப்பவும் கெட்டுப் போகல, லேர்கோ. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்.”

அவர் வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கொத்துகள் கறுத்து, நெருங்கி, தரையைத் தொடுகிற மாதிரி தொங்கின.

“என்னன்னு சொல்லிப் போறது, வாத்தியாரே?” என்றார். “தோட்டத்துல ஒரு குறையும் இல்லையே.”